எல்லையோரத்துக்கு ஒரு ரேடியோ: டெக்ஸன் பிஎல்-310இடி, குமரி மாவட்டத்துக்கு எப்படி?

முதலிலேயே சொல்லிவிடலாம். நாகர்கோவில் வானொலியின் 101 எஃப்.எம். மட்டும் காதில் விழுந்தால் போதும் என்பவருக்கு இந்த செட் வேண்டாம். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கிடைக்கும் முள் வைத்த சாதாரண ரேடியோவே அதற்குத் தாராளம். டெக்ஸன் பிஎல்-310இடி வாங்க வேண்டியவர் வேறு ஆள். ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி நெல்லையையும் திருவனந்தபுரத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும், காற்று வாக்காக இருந்தால் கடலுக்கு அக்கரையிலிருந்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கான செட் இது. குமரி மாவட்டத்தில் அந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதற்கான காரணம் இந்த மண்ணின் வானொலிக் கதையில் இருக்கிறது.

பாட்டும் விளம்பரமுமாக ஓடும் வணிக வானொலி இங்கே எப்போதும் வெளியூர்ச் சரக்குதான். திருவிதாங்கூர் அரசு 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியபோது நாகர்கோவிலும் அந்த ராஜ்யத்துக்குள்தான் இருந்தது. 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலி அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ரேடியோ அலைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. களியக்காவிளையில் இன்றைக்கும் வலுவாக விழுவது திருவனந்தபுரம்தான்.

சினிமாப் பாட்டுக்குக் கொழும்பு. 1925ல் தொடங்கிய கொழும்பு வானொலி 1950ல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. 1952ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் நம் வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியதும் தென்கோடி முழுக்க இலங்கைக்குத் திரும்பியது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் இங்கே வீட்டு மனிதர்களின் குரல்போல ஆனது அப்படித்தான். 1957ல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்தது. அதில் விளம்பரம் சேர 1967 ஆயிற்று. அந்த இடைவெளியில் கொழும்பு நன்றாகவே சம்பாதித்துக்கொண்டது. 1963ல் திருநெல்வேலி நிலையம் வந்தும் பாட்டுக்கு முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பும் பழக்கம் போகவில்லை.

மீடியம் வேவ் அலை உப்புநீரின் மேல் போகும்போது நிலத்தின் மேல் போவதைவிடக் குறைவாகத்தான் தேயும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதே காரணம். கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் 280 கிலோமீட்டர் சுமார், கிட்டத்தட்ட முழுவதும் கடல். ஆகவே முட்டம், மணக்குடி போன்ற கரையோரங்களில் கிடைக்கும் தெளிவு குலசேகரத்தில் கிடைக்காது.

சொந்த நிலையம் 1984 அக்டோபர் 30ல் வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை நாகர்கோவிலுக்குத்தான். அதுவும் எஃப்.எம். அலையில், 101 மெகாஹெர்ட்ஸில். சென்னையில் 1977 ஜூலையில்தான் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே தொடங்கியிருந்தது. அன்று வீடுகளில் இருந்த பெரும்பாலான செட்டுகளில் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான், எஃப்.எம். பேண்டே கிடையாது. கொழும்பு கேட்கும், ஊர் நிலையம் கேட்காது என்ற கூத்து அப்படி வந்தது.

தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் பெங்களூரில் பிறந்தது. பிறகு நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. நாகர்கோவிலுக்கு வரவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தபோது அந்தப் பட்டியலில் நாகர்கோவிலும் இருந்தது. ஆண்டு உரிமக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 சதவீதம். சிறிய ஊரில் தங்கமாளிகை, ஜவுளிக்கடை, பர்னிச்சர் கடை என்று விரல்விட்டு எண்ணும் விளம்பரதாரர்களை நம்பி டவர், ஸ்டுடியோ, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் ஓட்ட வேண்டும். கணக்குப் போடுகிறவர் யோசிக்கத்தான் செய்வார். ஆகமொத்தம் இங்கே வணிக வானொலி கேட்பது என்றால் பக்கத்து ஊர் நிலையத்தை மதில்மேல் ஏறி எட்டிப் பார்ப்பதுதான். இந்த செட்டை அந்த வேலைக்கு ஆகுமா என்றுதான் எடைபோட வேண்டும்.

செட் கையகலம். உள்ளே சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ4734 சிப். பழைய ரேடியோவில் காயிலும் கண்டன்சரும் செய்யும் வடிகட்டும் வேலையை இதில் அந்தச் சிப்பே கணக்குப் போட்டுச் செய்துவிடுகிறது. எஃப்.எம்., மீடியம் வேவ், ஷார்ட் வேவ், லாங் வேவ் நான்கும் உண்டு. லாங் வேவில் நம் ஊரில் கேட்க ஒன்றும் இல்லை, அதை மறந்துவிடலாம். அலைவரிசை எண்ணை நேரடியாக அழுத்தலாம், சக்கரத்தைச் சுழற்றியும் போகலாம். 550 நினைவு இடங்கள். மூன்று ஏஏ செல்.

இந்த விலையில் வேறு பல செட்டுகளில் கிடைக்காத ஒன்று, திரையில் தெரியும் இரண்டு எண்கள். ஒன்று அலையின் வலிமை. மற்றது அலை இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்ற கணக்கு. முதல் எண் பெரிதாக இருந்து இரண்டாவது சிறிதாக இருந்தால் வீட்டுக்குள் ஏதோ இரைச்சல் போடுகிறது, அல்லது இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதுகின்றன. இரண்டுமே சிறிதென்றால் ஏரியலை நீட்ட வேண்டும், இடம் மாற வேண்டும். காதை நம்பி ஏரியலைத் திருப்புவதைவிட இரண்டாவது எண்ணைப் பார்த்துத் திருப்புவது பல மடங்கு சுலபம்.

இன்னொன்று இடிஎம் பொத்தான். அழுத்தினால் அந்த இடத்தில் அந்த நேரத்தில் கிடைக்கும் நிலையங்களை வரிசையாகப் பிடித்துத் தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சேமித்த நினைவுகளைத் தொடாது. ஆரல்வாய்மொழியில் ஒரு பட்டியல், களியக்காவிளையில் முற்றிலும் வேறு பட்டியல் என்று மாறும் மாவட்டத்தில் இது அலங்காரப் பொத்தான் இல்லை. எஃப்.எம்.மில் சட்டென்று முடிந்துவிடும். மீடியம் வேவில் பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாகர்கோவில் நிலையத்துக்கு வெகு அருகில், கோணம் என்ற பகுதியின் சுற்றுவட்டாரத்தில், ஏரியலை முழுக்க நீட்டி இடிஎம் அழுத்தினால் 101ஐ ஒட்டிப் பொய் நிலையங்களும் பட்டியலில் ஏறக்கூடும். அலை அளவுக்கு மீறி வலுவாக இருப்பதால் வருகிற கோளாறு இது. ஏரியலை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். நகரின் பிற இடங்களில் 101க்கு ஏரியலே வேண்டியதில்லை.

இனி 93.5. இந்த மாவட்டத்தில் எஃப்.எம். செட்டுக்கு உண்மையான பரீட்சை இந்த எண்தான். நெல்லை சூரியன் எஃப்.எம். 93.5. திருவனந்தபுரத்து ரெட் எஃப்.எம்.மும் 93.5. ஒன்று தமிழ், ஒன்று மலையாளம், எண் ஒன்றே. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நேர்க்கோட்டில் 65 கிலோமீட்டர் அளவு, திருநெல்வேலி 70 அளவு. தூரம் ஏறக்குறைய சமம், ஆனால் நடுவில் இருப்பது சமமில்லை. நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் கோடு இழுத்தால் மகேந்திரகிரி மலைத்தொடர் குறுக்கே வந்து நிற்கிறது. திருவனந்தபுரம் பக்கம் அப்படி மலை ஒன்றும் இல்லை, மேடும் பள்ளமுமான தாழ்ந்த குன்றுகள்தான்.

எஃப்.எம்.மில் ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் வலுவானது மற்றதை விழுங்கிவிடும். இரண்டும் சமமாக இருந்தால்தான் தகராறு. தக்கலை தாண்டி மேற்கே போகப் போக மலையாளம் ஜெயிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தமிழ் ஜெயிக்கும். நடுவில், நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில், இரண்டடி நகர்ந்தால் அறிவிப்பாளரின் மொழி மாறும். செட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இதை எந்தச் சிப்பாலும் பிரிக்க முடியாது, எண் ஒன்றாக இருப்பதால் வடிகட்ட எதுவும் இல்லை. டெக்ஸனும் இங்கே கையை விரித்துவிடும். பிரிக்கக்கூடியது திசை ஒன்றுதான். அதற்கு வெளி ஏரியல் வேண்டும். அதைச் செருக 3.5 மில்லிமீட்டர் துளை இந்த செட்டில் இருக்கிறது. இதே கம்பெனியின் பிஎல்-380ல் அந்தத் துளை கிடையாது. 310ஐத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஏரியலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 143ஐ அலைவரிசை எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 93.5க்கு 1.53 மீட்டர். நடுவில் வெட்டி, ஒவ்வொரு கையும் 76 சென்டிமீட்டர். 101க்கு என்றால் ஒரு கை 71 சென்டிமீட்டர், ஆனால் அதற்கு இதெல்லாம் வேண்டியதில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தாமிர வயரே போதும். ஒரு பிவிசி பைப்பின் மேல் இரண்டு கைகளையும் நேர்க்கோட்டில் கட்டி, நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, டி.வி.க்குப் போடுவதுபோன்ற கேபிளின் நடுக்கம்பியை ஒரு கையிலும் வெளிவலையை மற்றக் கையிலும் இணைக்க வேண்டும். இணைத்த இடத்தை மழை படாமல் டேப் சுற்றி மூட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது கேபிளில். கேபிள் டி.வி.க்காரர் விட்டுப்போன ஆர்ஜி-6 மொட்டைமாடியில் சுருண்டு கிடக்கும், அதையே எடுப்பார்கள். அதன் வெளிவலை பெரும்பாலும் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரியும், ஒரு மழையில் விட்டுவிடும். ஆர்ஜி-6தான் இருக்கிறது என்றால் அதன் முனைக்கு எஃப் கனெக்டர் மாட்டி, அதிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் அடாப்டர் போடுவதே சரி. புதிதாக வாங்குவதானால் தாமிர வலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஆர்ஜி-6 விறைப்பான கேபிள். அதை நேராக செட்டில் செருகினால் கேபிளின் கனமே துளையை நெம்பிவிடும். கடைசி அரை மீட்டருக்கு மெல்லிய கேபிள் போட்டுவிட்டால் செட் தப்பிக்கும். பிளக்கில் நடுக்கம்பி முனைக்கு, வலை அடிப்பகுதிக்கு. மாற்றி வைத்தால் செட் கெடாது, ஆனால் கேபிளே ஏரியலாகிவிடும், திசை பிரிக்கும் வேலை நடக்காது.

திசைதான் இதில் விஷயமே. இந்த ஏரியல் தன் பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும், முனைகளின் திசையில் கேட்காது. நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் திருவனந்தபுரம் வடமேற்கு, நெல்லை வடக்கிலிருந்து சற்றே கிழக்கு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம். ஊரின் அமைப்பே நமக்குச் செய்துகொடுத்த சௌகரியம் இது. ஏரியலின் ஒரு முனை வடமேற்கும் மறுமுனை தென்கிழக்கும் பார்க்கும்படி வைத்தால் திருவனந்தபுரம் முனையில் மாட்டி அடங்கும், நெல்லை பக்கவாட்டில் எழும். மலையாளம் வேண்டுமென்றால் கால் சுற்றுத் திருப்பினால் போதும். மொட்டைமாடியில் சுற்றிலும் தென்னந்தலைகளுக்கு மேலே ஏற்றி வைத்து, ஒருவர் திருப்ப, ஒருவர் கீழே செட்டின் இரண்டாவது எண்ணைப் படிக்க, பத்துப் பாகை பத்துப் பாகையாகத் திருப்பினால் நல்ல இடம் அகப்படும். மலையடிவாரத்தில், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம், அலை நேராக வராமல் மலையில் மோதித் திரும்பி வரும். அங்கே வரைபடத்துத் திசையை நம்பாமல் எண்ணைப் பார்த்தே திருப்ப வேண்டும். சில வீடுகளில் எப்படித் திருப்பினாலும் நெல்லை வராது. மலையை நகர்த்த ஏரியலால் ஆகாது.

இடி மின்னல் சமயத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் சும்மா விடாது.

திருவனந்தபுரத்தின் மற்ற நிலையங்கள், 92.7, 94.3, 98.3, மாவட்டத்தின் மேற்கே சாதாரணமாகவே விழும். அடுத்தடுத்த எண்களைப் பிரிப்பதில்தான் இந்தச் சிப்பின் சாமர்த்தியம் தெரிகிறது. அனந்தபுரி என்ற பெயரில் தொடங்கிய 101.9ஐயும் நாகர்கோவில் 101.0ஐயும் மலிவான முள் செட்டில் குழித்துறைப் பக்கம் பிரிக்கத் திணற வேண்டியிருக்கும். முள்ளின் கோட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டெக்ஸனில் எண்ணை அழுத்தினால் முடிந்தது. அலை நலிந்திருக்கும் இடத்தில் ஹெட்போனில் சீறல் கேட்டால் ஸ்டீரியோவை மோனோவாக மாற்றுங்கள். பாதிச் சீறல் அடங்கிவிடும்.

இலங்கை எஃப்.எம். வருமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வரும், கேட்ட நேரத்தில் வராது. எஃப்.எம். அலை பொதுவாக அடிவானத்தோடு முடிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் மேல் காற்று அசையாமல் நிற்கும் நாட்களில், ஈரமான குளிர்காற்றின் மேல் சூடான உலர்காற்று ஒரு மூடிபோலப் படிந்துவிட்டால், அலை அந்த அடுக்குக்குள்ளேயே சறுக்கிக்கொண்டு 250 கிலோமீட்டர் தாண்டியும் வந்துசேரும். தை முதல் பங்குனி வரை அதிகாலையும் முன்னிரவும் பார்க்க வேண்டிய நேரம். கன்னியாகுமரி, லீபுரம், மணக்குடி போன்ற கரைகள் பார்க்க வேண்டிய இடம். காற்று எழுந்ததும் கதை முடிந்தது. அங்கும் சூரியன் எஃப்.எம். என்று ஒரு தமிழ் நிலையம் உண்டு, 1998ல் தொடங்கியது, நம் ஊர் சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் கேட்டு நெல்லை என்று நினைத்துவிட வேண்டாம், விளம்பரத்தில் வரும் கடை எந்த ஊர் என்று கவனித்தால் தெரிந்துவிடும். நிலையத்தின் பெயரைத் திரையில் எழுதிக் காட்டும் ஆர்டிஎஸ் வசதி இந்த செட்டில் இல்லை. எல்லையோரத்தில் அது இருந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

மீடியம் வேவுக்கு வருவோம். செட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, நிலையத்துக்கு நிலையம் உள்ள இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்பது. இந்தியாவில் மீடியம் வேவ் எண்கள் எல்லாம் 9ஆல் வகுபடும்: திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161, தூத்துக்குடி 1053, இலங்கைப் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 882. அமெரிக்கக் கணக்கில் 10ல் வைத்திருந்தால் தானாகத் தேடும்போது 1190, 1200 என்று தாண்டிப் போய்விடும், 1197 அகப்படாது. செட்டை அணைத்த நிலையில் மாற்ற வேண்டிய அமைப்பு இது, கூட வரும் புத்தகத்தில் இருக்கிறது. மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஆகாசவாணி நாடெங்கும் குறைத்து வருகிறது. ஆகையால் ஏதாவது ஓர் எண் பேசாமல் கிடந்தால் உடனே செட்டின் மேல் பழி போட வேண்டாம். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீடியம் வேவுக்கு வெளியே இழுக்கும் கம்பி ஏரியல் வேலை செய்யாது. அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கான ஏரியல் உள்ளே செட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும் ஃபெரைட் கட்டை. ஆகவே கம்பியை விட்டுவிட்டு செட்டையே திருப்ப வேண்டும். நிலையத்துக்கு செட்டின் முகமோ முதுகோ பார்க்க வேண்டும், ஓரம் பார்த்தால் அடங்கிவிடும். இந்த அடங்கும் குணத்தை இரைச்சலுக்கு எதிராகத் திருப்பிவிடலாம். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், மொபைல் சார்ஜர் ஆகியவைதான் இன்று மீடியம் வேவைக் கொல்பவை. செட்டின் ஓரத்தை இரைச்சல் போடும் பொருளை நோக்கித் திருப்பினால் கரகரப்பு பெரிதும் குறையும். எது இரைச்சல் போடுகிறது என்று கண்டுபிடிக்க, பேட்டரி செல்லில் ரேடியோவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் வீட்டின் நடு அறையில் அலை நுழைவதே கஷ்டம். ஜன்னலோரம் வைப்பது நல்லது, ஓட்டு வீடென்றால் அந்தக் கவலை இல்லை.

மீடியம் வேவில் செட் உள்ளே விடும் அலைப்பட்டையின் அகலத்தை 6, 4, 3, 2, 1 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றலாம். வலுவான நிலையத்தில் பாட்டுக்கு 6 வையுங்கள், 1ல் வைத்தால் பாட்டு போர்வைக்குள் கேட்பதுபோல் இருக்கும். செய்திக்கு 3 போதும். தூரத்து நலிந்த நிலையத்துக்கு 2.

சிப்பின் ஒரு குணம் எரிச்சலூட்டும். அலை நலியும்போது இந்தச் சிப் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடும். இரைச்சலைக் கேட்கவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கடலலைபோல் ஏறி இறங்கும் தூரத்து நிலையத்தில், காது பிடித்துக்கொள்ளக்கூடிய வார்த்தையையும் அது சேர்த்து விழுங்கிவிடுகிறது. பழைய முள் செட்டில் இரைச்சலோடு இரைச்சலாகக் குரல் தொடர்ந்து வரும், இதில் வெட்டி வெட்டி வரும். இரவில் தூரத்து மீடியம் வேவ் கேட்பதே பிரதானம் என்பவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மீடியம் வேவில் சக்கரத்தைச் சுழற்றும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒலி விட்டுவிட்டு வருவதும் இதே இனத்துக் குறை. ஸ்பீக்கர் சிறியது. பேச்சு தெளிவு, தவில் மட்டும் தகரம். பாட்டை ரசிக்க ஹெட்போன்தான்.

கரண்ட் இல்லாத நாட்களுக்கு இது நல்ல துணை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மொபைல் சார்ஜ் தீர்ந்தால் அதிலுள்ள செயலியும் தீர்ந்தது. ஆகாசவாணியின் செயலி வசதியானது, இரைச்சலே இல்லாதது, ஆனால் டவரும் இன்டர்நெட்டும் வேண்டும், நேரடி ஒலிபரப்பைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும். ஹெட்போன் வயரை ஏரியலாக்கி மொபைலிலேயே எஃப்.எம். கேட்கும் வசதியைப் பல புதிய மாடல்களில் எடுத்துவிட்டார்கள். அதை முடக்காமல் தர வேண்டும் என்று 2023ல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்திய பிறகும் கடையில் கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

பேட்டரி செல் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. செட்டில் மினி யூஎஸ்பி துளை வழியாக 5 வோல்ட் கொடுத்து உள்ளேயே சார்ஜ் செய்யலாம், ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் போட்டிருந்தால் மட்டும். சாதாரண செல்லைப் போட்டுவிட்டுச் சார்ஜரைச் செருகினால் செல் கசிந்து உள்ளே அரித்துவிடும். வெளிச் சார்ஜரில் போட்டு எடுத்துக்கொள்வதே நிம்மதி. மொபைல் சார்ஜரைச் செருகிக்கொண்டு மீடியம் வேவ் கேட்க நினைக்காதீர்கள். அந்தச் சார்ஜர் போடும் இரைச்சலே நிலையத்தை மூடிவிடும். மினி யூஎஸ்பி கேபிளும் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குவதில்லை, செட்டோடு வருவதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடலோரத்தில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது செல் ஸ்பிரிங்கையும் ஏரியல் கணுக்களையும்தான். ஏரியலை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் உள்ளே தள்ளுங்கள். செல் கசிந்து வெள்ளைப் பூத்தால் பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். புயல் காலத்துக்கென்று எடுத்து வைப்பதானால் செல்லைக் கழற்றித் தனிக் கவரில் போட்டு, செட்டோடு ஒரே டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்து மூடி வையுங்கள்.

வயசான பாட்டியின் அடுக்களைக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பொத்தான் அதிகம், எழுத்து பொடி, தவறி ஒன்றை அழுத்தினால் ஷார்ட் வேவில் போய் நிற்கும். அவருக்குப் பெரிய ஸ்பீக்கரும் இரண்டு குமிழும் உள்ள பெரிய செல் போடும் செட்தான் சரி, முள்ளை 101ல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்துவிடலாம். புளூடூத் ஸ்பீக்கரில் சேர்த்துக் கொடுக்கும் எஃப்.எம்.மை ரேடியோவாகவே எண்ண வேண்டாம். சார்ஜ் ஒயரே ஏரியலாக இருப்பதால் மார்த்தாண்டத்தில் 93.5ம் 94.3ம் குழம்பி வரும் செட்டுகள் அதில் ஏராளம். விமானிகள் பேசும் விமான அலை, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசும் எஸ்எஸ்பி முறை எல்லாம் வேண்டும் என்பவர் எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 பக்கம் போகலாம், அதில் ஆர்டிஎஸ்ஸும் உண்டு. குமரியில் பாட்டும் செய்தியும் மட்டும் கேட்பவருக்கு அந்தக் கூடுதல் செலவு அவசியமில்லை.

இறக்குமதிச் சரக்கு, விலை ஏறி இறங்கும், உள்ளூரில் சர்வீஸ் கிடைப்பது அரிது. ஆகவே திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்த அன்றே 101ல் ஏரியல் இல்லாமல் வைத்து ஹெட்போன் இரு காதிலும் கேட்கிறதா, ஏரியலின் எல்லாக் கணுவும் இறுக்கமாக நிற்கிறதா, சத்தச் சக்கரம் ஓர் அடி சுழற்றினால் ஓர் எண் மட்டும் மாறுகிறதா, வெளி ஏரியல் துளையில் பிளக் ஆடாமல் உட்காருகிறதா, மூன்று செல்லும் போட்டபின் மூடி முழுதாகச் சேருகிறதா என்று பாருங்கள். சத்தச் சக்கரம் இரண்டு மூன்று எண் தாவினாலோ, பின்னோக்கிப் போனாலோ அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு அது சரியாகாது.